முன்பாரம்

நேயர்களுக்கு வணக்கம். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஊரில் பலருக்கு நினைவு வரும். நான் பேச வந்தது, பிரிட்டனில் நாம் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிறோமே, அந்தச் சின்ன வீட்டைப் பற்றி. கோடை வந்தாலே, "அண்ணை, என் லைசென்ஸில் இதை இழுக்கலாமா?" என்று கேட்டு யாராவது அழைப்பார்கள்.

முன்பெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இங்கே ஓட்டுநர் தேர்வில் எப்போது தேறினீர்கள்? 1997 ஜனவரி 1-க்கு முன் தேறியவர்களுக்குக் காரும் அது இழுக்கும் டிரெய்லரும் (கேரவனும் அதில் ஒரு வகைதான்) சேர்த்து 8,250 கிலோ வரை அனுமதி. பின்னால் வந்தவர்கள் பெரிய கேரவன் இழுக்கத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வே இல்லை. லாரி ஓட்டுநர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. தேர்வாளர்களின் நேரத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். இப்போது சாதாரண கார் உரிமம் இருந்தாலே 3,500 கிலோ வரையான டிரெய்லரை இழுக்கலாம். உரிம அட்டையில் டிரெய்லர் இழுப்பதற்கான பி.இ. என்ற பிரிவு இல்லையே என்று பதற வேண்டாம், அடுத்த புதுப்பிப்பில் வந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். 3,500 என்பது உங்கள் உரிமத்தின் அளவு. உங்கள் காரின் அளவல்ல. கார் எவ்வளவு இழுக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். சின்னக் கார்கள் பல அதில் பாதியைக்கூடத் தாங்காது.

நான் 1994-இல் தேறியவன். சட்டத்தின் கண்ணில் 8,250 கிலோவுக்குத் தகுதியானவன்! முதல் பயணம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கோர்ன்வாலுக்கு. இருபது கிலோ அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன்கள், இடியப்பச் சட்டி, மாமி கட்டித்தந்த மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கேரவனின் பின்மூலையில் அடுக்கினேன். அங்கேதான் இடம் இருந்தது. எம் 5 நெடுஞ்சாலையின் இறக்கத்தில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், கேரவன் இடமும் வலமுமாகப் பாம்புபோல் நெளிகிறது. அடுத்த நெளிவில் காரின் பின்புறத்தையே இழுத்தது. என் கால் பிரேக்கைத் தேடியது. "பிரேக் வேண்டாம், வேகத்தை மட்டும் விடுங்கள்!" என்றாள் மனைவி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். பத்து நெளிவுக்குப் பிறகு அடங்கியது.

அப்போதுதான் தாத்தாவின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது. நெல் மூட்டை ஏற்றினால் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும். கேரவனுக்கும் அதே கணக்குத்தான்: அதன் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 1,400 கிலோ கேரவன் என்றால் 70 முதல் 98 கிலோ. கொக்கிக்கென்று காரில் குறித்திருக்கும் அளவையும் அது மீறக் கூடாது. கனமானவை சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு. அரிசி மூட்டை அங்கே! மறுபடியும் சொல்கிறேன், பின்மூலையில் அல்ல. எந்தத் தேர்வாளரும் என்னிடம் கேட்காத கேள்வி இது, தாத்தா கேட்டிருப்பார்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால் வானொலி நிலைய நண்பர், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலுக்கு மேல் போகக் கூடாது. மூன்று தடம் இருந்தால் வலக்கோடித் தடம் நமக்கில்லை. கேரவன் காரைவிட அகலமென்றால் பின்னால் பார்க்கக் காரில் நீட்டுக் கண்ணாடி மாட்டுங்கள். காரின் பதிவெண் பலகையையே கேரவனுக்கும் போடுங்கள்.

பின்னோக்கி எடுப்பதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன். ஸ்டியரிங்கின் அடியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் கையை வையுங்கள். கேரவன் இடப்பக்கம் போக வேண்டுமா, கையை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலம் என்றால் வலம். ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில் முதலில் பழகுங்கள், மனைவியை வெளியே நிறுத்தி... விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.