தண்ணீருக்கு வழி விடும் பாதை

நேயர்களுக்கு வணக்கம். மலைக்காட்டுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அருவியைச் சொல்வார்கள், பனிமூட்டத்தைச் சொல்வார்கள், பெயர் தெரியாத ஒரு பறவையைச் சொல்வார்கள். நடந்து போன பாதையைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் முதலில் நடையாகவும் பிற்பாடு சைக்கிளிலும் காட்டுக்குள் போகிறவன். பாதையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நன்றாகப் போட்ட பாதை ஒன்றில் முதன்முதலாக நடந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாதை பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. 'சமமாக வெட்டத் தெரியவில்லையே' என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். வேண்டுமென்றே வைத்த சாய்வு அது. மழைத்தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து சரிவில் இறங்கிவிட வேண்டும். பாதை நெடுக ஓடத் தொடங்கினால் மண்ணை அரித்துக்கொண்டு போய், பாதையையே வாய்க்காலாக்கிவிடும்.

பாதை போடுகிறவர்களிடம் இதற்கு ஒரு பாதிக் கணக்கு உண்டு. பாதையின் ஏற்றம், அது போகும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உச்சி கண்ணெதிரே நிற்கும்போது பாதை மட்டும் எங்கெங்கோ சுற்றுவது இதனால்தான். கொண்டை ஊசி வளைவில் பொறுமையில்லாமல் நேராக இறங்குகிறோமே, அந்தக் குறுக்குவழியை அடுத்த மழையில் தண்ணீரும் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அவசரம்தானே!

சேறு வந்தால் ஓரமாக ஒதுங்காதீர்கள், நடுவிலேயே நடங்கள். ஷூ அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம். ஆளாளுக்கு ஒதுங்கினால் ஓரத்துப் புல்லும் செடியும் மிதிபட்டு, ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு விரிந்துவிடும்.

இனி சைக்கிள். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து மலையொன்றில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மண் சாலை வழியே இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். இறங்கி முடிப்பதற்குள் அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது என்ற பொருளிலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபது வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயமும் சேர்ந்துவிட்டது.

இன்றைய டிஸ்க் பிரேக்குக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு விரலால் அழுத்தினாலே சக்கரம் நின்றுவிடும். வினையும் அதில்தான். நின்றுபோன சக்கரம் சறுக்கிக்கொண்டே மண்ணை ஏர்போல உழுகிறது, அந்தச் சாலில் தண்ணீர் இறங்குகிறது. சறுக்கிக் காட்டுவதைத் திறமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் இதமாகப் பிடித்து வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவரைத்தான் நான் ஓட்டுநர் என்பேன்.

யார் யாருக்கு வழிவிடுவது? பல இடங்களில் வழக்கம் இதுதான்: நடப்பவருக்குச் சைக்கிள்காரர் விட வேண்டும், குதிரை வந்தால் இருவருமே ஒதுங்க வேண்டும். குதிரைக்கு ஒதுங்கும்போது ஒரு வார்த்தை பேசுங்கள். நிற்பது மனிதர்தான் என்று தெரிந்தால் அது மிரளாது. இடத்துக்கு இடம் விதி மாறும், நுழைவாயில் பலகையை நின்று படித்துவிடுங்கள்.

எவ்வளவு நேரமாகும் என்பதற்கு, நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. ஓய்வும் போட்டோவும் இதில் சேராது. குழந்தைகள் வந்தால் கணக்கையே மறந்துவிடுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஆசையாகச் சைக்கிளோடு போய் இறங்கினேன். பாதையில் குதிகாலை ஊன்றிப் பார்த்தேன். தடம் ஆழமாகப் பதிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் தண்ணீர் ஊறியது. சைக்கிளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். வணக்கம்.