கணக்கைத் திறந்து காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நெல்லைச் சீமையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேச்செடுத்தால் அல்வாவுக்கு அடுத்தபடியாக அரிவாள் வந்துவிடும். திரைப்படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. அது போதாதென்று, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வெளியாகும்போதெல்லாம் எந்த மாவட்டத்தில் எத்தனை கொலை, எத்தனை வழிப்பறி என்று ஒரு பட்டியல் செய்தித்தாளில் வரும். மறுநாள் அது வாட்ஸ்அப்பில் சுற்றும். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் இந்த எண்ணை எப்படிப் போட்டார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். ஓர் ஊருக்குக் கெட்ட பெயர் வருவதும், ஒரு மனிதனை உள்ளே தள்ளுவதும் இன்றைக்குப் பல இடங்களில் கணினி போடும் கணக்கைச் சார்ந்திருக்கின்றன. அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். இதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஸ்டேஷனிலிருந்து தொடங்குவோம். ஒருவர் புகாரோடு போகிறார். புகார் வந்தது என்பதற்கு அடையாளமாகக் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கிறது. அந்தப் புகார் எஃப்.ஐ.ஆர். ஆகாமல் சமாதானமாக முடிந்துவிட்டால், தேசிய அறிக்கையைப் பொறுத்தவரை அப்படி ஒன்று நடக்கவே இல்லை. சரி, எஃப்.ஐ.ஆர். போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரவில் பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்து, நகையைப் பறித்து, தடுக்க வந்தவரைக் கொன்றுவிட்டார்கள். வழக்கில் மூன்று நான்கு பிரிவுகள் இருக்கும். ஆனால் அறிக்கையில் அது கொலை என்று ஒரே ஒரு இடத்தில்தான் ஏறும். ஒரு வழக்கில் எந்தக் குற்றம் மிகக் கடுமையானதோ அதை மட்டும் எண்ணுவது காப்பகத்தின் விதி. உலகத்தில் வேறு சில நாடுகளிலும் இப்படி எண்ணும் முறை உண்டு, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த விதி தெரியாமல் கொள்ளை குறைந்துவிட்டது என்று யாராவது கட்டுரை எழுதினால் அது தப்பு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வருகிற புகாரையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்கிற இன்ஸ்பெக்டரின் எல்லையில் குற்றம் கூடியதாகத் தெரியும். திருப்பி அனுப்புகிறவரின் எல்லை அமைதிப் பூங்காவாகத் தெரியும். பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டுத் தலைப்பு வைக்கும் பத்திரிகைகள் குறைவு. கொலைக் கணக்கை மட்டும் நாங்கள் ஓரளவு நம்புவோம், அதை மறைப்பது கடினம் என்பதால்.

அடுத்து, நெல்லை மாவட்டம் என்று சொல்கிறோமே, அது எந்த நெல்லை? 1986 வரை கோவில்பட்டியும் திருச்செந்தூரும் நம்மோடுதான் இருந்தன. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய நெல்லை மாவட்டத்தில் ஏறத்தாழ 31 லட்சம் பேர். அதில் சுமார் 14 லட்சம் பேர் இருந்த பகுதி, சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் எல்லாம் சேர்த்து, அந்தப் பக்கம் போய்விட்டது. ஆக 2018-ஐயும் 2021-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டால், ஒரு போலீஸ்காரரும் ஒரு அடி கூடுதலாக நடக்காமலே நெல்லையில் குற்றம் சரிந்துவிடும். இதற்கு மேல் இன்னொரு குழப்பம் உண்டு. மாநகரக் காவல் தனி, மாவட்டக் காவல் தனி. அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனி வரி. மேலப்பாளையத்தில் நடந்தது ஒரு வரியில் இருக்கும், நாங்குநேரியில் நடந்தது இன்னொரு வரியில் இருக்கும். ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நெல்லை இப்படி என்று பேசுகிறார்கள்.

ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று விகிதம் போடும்போது கீழே வகுக்கிற எண்ணிலும் கவனம் வேண்டும். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பெருநகரங்களுக்கு 2011 மக்கள்தொகையையே வைத்து வகுத்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் வளர்ந்த ஊரை பழைய எண்ணால் வகுத்தால் விகிதம் வீங்கித்தான் தெரியும்.

எங்கள் மாணவர்களை இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கச் சொல்வேன். பி.டி.எஃப். ஆக இருக்கும் அட்டவணையைத் தட்டச்சு செய்வதிலேயே பாதி நேரம் போய்விடும். அதன் பிறகு ஆர் என்கிற கணினி மொழியில் வேலை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. 1995-ல் அதைக் கட்டற்ற உரிமத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். காசு கிடையாது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு வரியாகப் படித்தும் பார்க்கலாம். லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கட்ட முடியாத நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அது எத்தனை பெரிய கொடை என்பதை அருகில் இருந்து பார்க்கிறவன் நான். முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வரும் பெண், ஹார்வர்டில் படிப்பவர் கையில் இருக்கும் அதே கருவியை வைத்து வேலை செய்கிறாள்.

விலையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நெல்லை, மாநகரம், தென்காசி மூன்றையும் கூட்டிப் பழைய எல்லைக்குக் கொண்டுவா என்று அவள் ஒரு வரி எழுதினால் அந்த வரி அங்கேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் அதை மறுபடி ஓட்டிப் பார்த்து, "இங்கே மாநகரத்தை விட்டுட்டீங்களே" என்று கேட்கலாம். எக்செல் தாளில் ஒரு கட்டத்துக்குள் எண்ணை மாற்றிவிட்டுப் போனால் பின்னால் வருபவருக்குத் தெரிய வழியில்லை.

ஆர் மொழியை நிறுவினால் கூடவே பயிற்சிக்காகச் சில தரவுத் தொகுப்புகள் வரும். அவற்றில் ஒன்று குற்றத்தைப் பற்றியது. 1973-ல் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் கொலை, தாக்குதல், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்காக லட்சம் பேருக்கு எத்தனை பேர் கைதானார்கள் என்ற அட்டவணை. கொலையில் ஜார்ஜியா 17.4, வடக்கு டகோட்டா 0.8. முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவேன்: இது கைதுக் கணக்கு, குற்றக் கணக்கு அல்ல. போலீஸ் யாரைப் பிடித்தது என்பதும் யார் குற்றம் செய்தார்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஊர்ப் பெயர் கெடுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. நீதிமன்றத்துக்குள் இந்த எண்கள் நுழையும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.

டி.என்.ஏ. சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான ஒரு மாதிரி கிடைத்தால் அது மிக வலுவான சான்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் பல நேரம் கிடைப்பது அரைகுறை மாதிரி. அதைப் பார்த்துவிட்டு நிபுணர், "இந்த அமைப்பு லட்சத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கிறது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் மனதில் உடனே என்ன விழுகிறது? இவர் நிரபராதியாக இருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று. இப்போது பழைய நெல்லை மாவட்டத்தின் 31 லட்சம் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சத்தில் ஒருவர் என்றால் மாவட்டத்தில் 31 பேருக்கு அந்த அமைப்பு இருக்கும். வேறு எந்தச் சான்றும் இல்லையென்றால் கூண்டில் நிற்பவர் அந்த 31 பேரில் ஒருவர், அவ்வளவுதான். நிரபராதியாக இருக்க லட்சத்தில் ஒன்று என்று தோன்றிய வாய்ப்பு 31-ல் 30 ஆகிவிட்டது. எண் மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறியிருக்கிறது.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் இந்த மாதிரிக் கணக்கால் சிறைக்குப் போனார். அவருடைய இரண்டு கைக்குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்துபோயின. அவரே கொன்றுவிட்டார் என்று வழக்கு. அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று, இரண்டு இறக்க அதை அதாலேயே பெருக்கினால் 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். ஒரே வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரே பரம்பரைக் குறை இருக்கலாமே, அப்படிப் பெருக்கலாமா என்று யாரும் தடுக்கவில்லை. 1999-ல் ஆயுள் தண்டனை. இந்தப் பெருக்கல் செல்லாது என்று 2001-ல் ராயல் புள்ளியியல் கழகமே பகிரங்கமாக அறிக்கை விட்டது. 2003-ல் விடுதலையானார். 2007-ல் இறந்துபோனார்.

சாலி கிளார்க் வழக்கில் பெருக்கியது எல்லார் காதிலும் விழுந்தது. அதனால்தான் பிறகாவது யாரோ ஒருவரால் தப்பு என்று சொல்ல முடிந்தது. கணக்கு ஒரு மென்பொருளுக்குள் பூட்டிக் கிடந்தால்? கத்திப் பிடியில் மூன்று பேருடைய கை பட்டிருந்தால் டி.என்.ஏ. கலந்துபோயிருக்கும். அதைப் பிரித்து எடைபோட மனிதக் கை போதாது, கணினி நிரல் வேண்டும். நியூயார்க் நகர ஆய்வகம் அப்படி ஒரு நிரலைத் தானே எழுதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் பயன்படுத்தியது. மூல நிரலைக் காட்ட மறுத்தது. 2016-ல் ஒரு நீதிபதி உத்தரவு போட்டபின் எதிர்த்தரப்பு நிபுணர் அதைப் படித்துப் பார்த்தார். சில இடங்களில் அந்த நிரல் தரவின் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதைக் கண்டுபிடித்தார். ஆய்வகத்தின் சரிபார்ப்பு ஆவணங்களில் அதைப் பற்றி எதுவும் இல்லை. முடிவுகள் பெரிதாக மாறாது என்று ஆய்வகம் சொன்னது. இருக்கலாம். ஆனால் அதுவரை அந்த எண்ணைக் கேட்டுத் தலைகுனிந்து நின்ற ஒருவருக்கும் இது தெரியாது. 2017-ல் முழு நிரலும் பொதுவெளிக்கு வந்தது.

மளிகைக் கடையில் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் "அண்ணாச்சி, பில்லைக் கொடுங்க" என்று கேட்கிறோம். ஆயுள் தண்டனைக்குப் பில் கேட்கக் கூடாதா?

வியாபார ரகசியம் என்று நிறுவனங்கள் சொல்லும். அதே வேலைக்குத் திறந்த மூலத்தில் கருவிகள் இருக்கின்றன என்பதுதான் என் பதில். யூரோஃபார்மிக்ஸ் என்று ஒன்று, ஆர் மொழியிலேயே எழுதப்பட்டது, நார்வேயிலிருந்து வந்தது. எவரும் இறக்கிப் படிக்கலாம், தன் தரவை ஓட்டிப் பார்க்கலாம். திறந்து வைத்தால் மட்டும் நிரல் சரியாகிவிடாது என்பதும் உண்மை. படிக்க ஆள் வேண்டும், படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பூட்டி வைத்தால் அந்த ஆள் இருந்தும் பிரயோசனமில்லை.

இன்னொரு வகை மென்பொருள் வந்திருக்கிறது. நடந்த குற்றத்தை விட்டுவிட்டு, இவர் இனிமேல் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடுவது. அமெரிக்காவில் காம்பஸ் என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. 2016-ல் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் புளோரிடாவின் ஒரு மாவட்டத் தரவை வைத்து, மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவரை அது அதிகமாக அபாயப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று எழுதியது. தரவையும் ஆர் நிரலையும் அப்படியே வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, அறிஞர்கள் இரண்டு பக்கமும் வாதாடினார்கள். எல்லார் கையிலும் ஒரே தரவு இருந்ததால் அந்த வாதம் உருப்படியாக நடந்தது. 2018-ல் இரண்டு ஆய்வாளர்கள், 137 விவரங்கள் வரை பார்க்கும் அந்த மென்பொருளின் கணிப்பும், வயது, முந்தைய தண்டனைகள் என்ற இரண்டே விவரங்களை வைத்துப் போட்ட எளிய கணிப்பும் ஏறக்குறைய ஒரே துல்லியம்தான் என்று காட்டினார்கள்.

இது நமக்குத் தூரத்து விஷயம் என்று எண்ண வேண்டாம். 1871-ல் வடக்கே கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென் மாவட்டங்களில் மூத்தவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதியைப் பார்த்து ஒருவனைப் பதிவேட்டில் ஏற்றினார்கள், கைரேகை எடுத்தார்கள், ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வைத்தார்கள். செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே மதிப்பெண் போட்ட ஏற்பாடு அது. 1947-ல் இங்கே நீக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பதிவேடுகளின் நிழல் படிந்த தரவை ஒரு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்தால், அது சாதியின் பெயரைச் சொல்லாமல் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் வைத்தே அதே வேலையைச் செய்துவிடும். உள்ளே பார்க்க முடியாவிட்டால் நாம் எதை எதிர்த்து வாதாடுவது?

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்து வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வருகிறது. அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து வந்தது, இடையில் மாறவில்லை என்பதை அது சொல்லும். உள்ளே போட்ட கணக்கு சரியா என்பதை அது சொல்லாது. அதனால் நிபுணர் ஓர் எண்ணோடு வந்தால், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த மக்கள்தொகையை வைத்து வகுத்தது, எங்கள் பக்கத்து ஆள் அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாமா என்று குறுக்கு விசாரணையில் கேளுங்கள். கேட்பது குற்றவாளிக்குத் துணைபோவது ஆகாது.

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையும் புள்ளியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த இரண்டு துறை மாணவர்களும், இளம் வழக்கறிஞர்களும், காவல் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, நம் மாவட்டத்துக் குற்றக் கணக்கைப் பழைய எல்லைப்படியும் புதிய எல்லைப்படியும் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு சனி, ஞாயிறு போதும். ஒரு மடிக்கணினி இருந்தால் சரி, மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். சொல்லிக்கொடுக்க என்னைப் போன்ற ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம், கூப்பிடுங்கள். வணக்கம்.