பதிவேட்டைத் திறக்காத அன்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ரொறன்ரோவின் இந்தக் குளிரிலும் மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, வணக்கம்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதிரான பாகுபாட்டைக் களைய, கத்தோலிக்க ஆசிரியருக்கு விசுவாசம் மட்டும் போதுமா, தனியான கற்றலும் வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. விசுவாசமே போதும் என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "உன்மீது நீ அன்புகூர்வது போல் உனக்கு அடுத்திருப்பவர் மீதும் அன்புகூர்வாயாக என்ற கட்டளையை நெஞ்சில் சுமக்கும் ஆசிரியருக்கு வேறு பயிற்சி எதற்கு?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அந்தக் கட்டளையை நம்பித்தான் தினமும் வகுப்புக்குள் நுழைகிறேன். ஆனால் அதை என்னைவிட ஆழமாகப் படித்த ஒருவரின் வகுப்பறைக்கு உங்களை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

ஆண்டு 1632. இடம் கியூபெக். பிரான்சிலிருந்து வந்திறங்கிய இயேசு சபைக் குரு போல் லு ஜேன் ஊருக்கு எழுதுகிறார்: ஒரு பக்கம் ஒரு பழங்குடிச் சிறுவன், மறுபக்கம் ஒரு கறுப்பினச் சிறுவன், இருவருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன், பிரான்சின் மிகச் சிறந்த அவையைத் தந்தாலும் இந்த இரண்டு மாணவரையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எவ்வளவு அன்பு பாருங்கள்! அந்தக் கறுப்பினச் சிறுவன் ஆங்கிலேயர் கொண்டுவந்து காசுக்கு விற்றுவிட்டுப் போன பிள்ளை. அவன் இருந்த வீட்டு அம்மா, "ஞானஸ்நானம் பெற்று எங்களைப் போல ஆக விருப்பமா?" என்று கேட்கிறார். ஓம் என்கிறான். உடனே, "அப்படியென்றால் என் தோலை உரிப்பீர்களா?" என்று கேட்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிள்ளை விளக்குகிறான்: "நீங்கள் வெள்ளை, நான் கறுப்பு. உங்களைப் போல ஆவதென்றால் என் தோலை உரிக்கத்தானே வேண்டும்?" அவர்கள் இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். கடைசியில் அவனும் சேர்ந்து சிரித்துவிடுகிறான்.

இது என் கற்பனை இல்லை. அந்தக் குருவே எழுதி வைத்தது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைக்கு ஒலிவியே லு ஜேன் என்று பெயரிட்டார்கள். குருவின் பெயரே அவனுக்குக் குடும்பப் பெயராயிற்று. கனடாவில் நிலையாக வாழ்ந்ததாகப் பதிவான முதல் ஆப்பிரிக்கர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இவனைத்தான். என்னைப் போன்ற ஆசிரியர்களின் தொழில் இந்த நாட்டில் தொடங்கிய காலமும் அதுதான். அந்த அறையில் அன்பு இருந்தது, செபம் இருந்தது, தன் மாணவரை நினைத்துப் பூரிக்கும் ஆசிரியரும் இருந்தார். ஒரு பிள்ளை தன் பயத்தை அத்தனை தெளிவாகச் சொன்னபோது, சிரிப்பை நிறுத்தி அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளையும் சிரித்தானே, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கிற ஆசிரியர் அறைகளை நான் இன்றும் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த காலம் நமக்குப் பெருமை தருவதில்லை. மார்செல் த்ருடெல் என்ற கியூபெக் வரலாற்றாசிரியர் திருச்சபைப் பதிவேடுகளையும் பத்திரங்களையும் தோண்டி, அந்தக் குடியேற்றத்தில் அடிமைகளாக இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்தார். அவர்களில் பெரும்பகுதி பழங்குடி மக்கள், மற்றவர்கள் கறுப்பினத்தவர். அடிமைகளை வைத்திருந்தவர்களின் பட்டியலில் ஆயர்களும் குருக்களும் துறவற இல்லங்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அந்தக் கட்டளையை மனப்பாடமாக அறிந்தவர்கள்.

இனி நம்முடைய ஒன்ராறியோவுக்கு வருவோம். அரசு பணத்தில் கத்தோலிக்கப் பாடசாலை நடத்தும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்த உரிமையின் வரலாற்றைச் சொல்லும்போது சிறுபான்மையாக நாம் பட்ட பாட்டைச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் 1850ஆம் ஆண்டுப் பாடசாலைச் சட்டத்தில் தனிப் பாடசாலை பற்றிய பிரிவை முழுதாக வாசித்துப் பாருங்கள். புரட்டஸ்தாந்தருக்கும் கத்தோலிக்கருக்கும் தனிப் பாடசாலை அமைக்க இடம் கொடுத்த அந்த ஒரே வாக்கியம், கறுப்பினத்தவருக்கும் தனிப் பாடசாலை அமைக்கலாம் என்றது. நமக்கு அது அரண் ஆனது. அவர்களுக்கு அதுவே வெளியேற்றம் ஆனது. டெனிஸ் ஹில் என்ற கறுப்பின விவசாயி, நான் வரி கட்டுகிறேனே, என் மகனை ஊர்ப் பாடசாலையில் ஏன் சேர்க்க மறுக்கிறீர்கள் என்று நீதிமன்றம் போனார். தனிப் பாடசாலை இருக்கிறதே, அங்கே போ என்றுதான் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்ட வாசகத்தை நீக்க 1964 வரை ஆனது. அதற்காகக் குரல் கொடுத்தவர் ஒன்ராறியோ சட்டசபையின் முதல் கறுப்பின உறுப்பினர் லெனார்ட் பிரெய்த்வெயிட். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய கடைசிப் பாடசாலை 1965இல்தான் மூடப்பட்டது. நடுவர் அவர்களே, இந்த அவையில் இருக்கும் பலர் பிறந்த பிறகு!

இதை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர், "நான் நிறமே பார்ப்பதில்லை, எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒன்றுதான்" என்றார். மனதாரச் சொல்கிறார், நம்புகிறேன். ஆனால் தண்டனையேடு நிறம் பார்க்கிறதே! யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ரொறன்ரோ பொதுப் பாடசாலைச் சபையில் உயர்நிலைக் கல்வியை முடிப்பதற்குள் ஒரு தடவையாவது தண்டனையாக வகுப்பிலிருந்து இடைநிறுத்தம் செய்யப்பட்டவர்கள் கறுப்பின மாணவரில் 42 சதவீதம், வெள்ளையின மாணவரில் 18 சதவீதம். ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரித்தார்களே, அதில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பிரிவில் இருந்தவர்கள் வெள்ளையினத்தில் 81 சதவீதம், கறுப்பினத்தில் 53. அந்த முடிவுகளில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும், நான் நிறம் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்திருப்பார்கள். வைத்தியருக்கு நோயாளி மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் இரத்தத்தைச் சோதிக்காமல் சீனி வியாதியைக் கண்டுபிடிக்க முடியாது.

அது பொதுச் சபையின் கணக்கு, கத்தோலிக்கப் பாடசாலை வேறு என்று சொல்லலாம் என்று பார்க்கிறீர்களா? 2021 நவம்பரில் கிச்சினர் நகரில் நான்கு வயதுக் கறுப்பினக் குழந்தை ஒன்றைச் சமாளிக்கப் பொலிஸை அழைத்தது ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை. நான்கு வயது! செய்தி வெளியே வர மூன்று மாதம் ஆனது; மாகாண அரசு விசாரிக்க ஆள் அனுப்பியது. பள்ளிச் சுவரில் சிலுவை இருந்திருக்கும். காலையில் செபமும் சொல்லியிருப்பார்கள். அந்தக் குழந்தையின் அழுகையையும் கோபத்தையும் ஆபத்து என்று வாசிக்கப் பெரியவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? அப்படி வாசிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு வேறு விதமாக வாசிக்கவும் கற்றுத்தர வேண்டும். அதைத்தான் பயிற்சி என்கிறோம்.

இன்னொரு வாதம் எனக்கு நெருக்கமானது. "நாங்கள் தமிழர். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலையும் எண்பத்து மூன்று கலவரத்தையும் பார்த்தவர்கள். பாகுபாடு எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா?" என்றார்கள். என் வீட்டிலும் அந்த வலி உண்டு. ஆனால் ஸ்காபுறோவில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மகளின் கறுப்பினத் தோழியைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல் வருகிறது? இந்த மேடையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது, உங்களுக்கே தெரியும். அடிபட்டவர் என்பதால் நம் கை தானாகச் சுத்தமாகிவிடுவதில்லை. அதே வீடுகளிலிருந்துதான் தமிழ் ஆசிரியர்களும் வகுப்புக்குப் போகிறோம்.

சரி, எதைக் கற்பது? அரைநாள் கூட்டி வைத்து, திரையில் படம் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பும் பட்டறைகளால் பயனில்லை என்று எதிரணி சொன்னதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். நம்மிடம் இருப்பதிலிருந்தே தொடங்கலாம். புனித மார்ட்டின் தெ போரஸ் படம் நம் பாடசாலைகளில் உண்டு, நம் வீடுகளிலும் உண்டு. கையில் விளக்குமாறு. தாழ்ச்சியின் அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நகர்கிறோம். அந்த விளக்குமாறு அவர் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். பெரு நாட்டு லீமாவில், விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்தவர் அவர். ஆப்பிரிக்க வழிவந்தவர் துறவற சபையில் முழு உறுப்பினராக விதி இடம் தரவில்லை. அதனால் தொமினிக்கன் மடத்தில் வேலைக்காரராகத்தான் சேர்ந்தார். ஒரு மடத்துத் தலைவர் அந்த விதியை ஒதுக்கி வைத்த பிறகே மார்ட்டின் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். 1639இல் இறந்தவரைத் திருச்சபை புனிதர் என்று அறிவித்தது 1962இல். இதைக் கேட்ட ஒன்பது வயதுப் பிள்ளை, "விதி பிழையா, டீச்சர்?" என்று கேட்கும். ஓம், பிழை என்று சொல்லும் துணிவு ஆசிரியருக்கு இருந்தால், நம் பாடசாலை விதிகளில் எது பிழை என்று கேட்கவும் இடம் பிறக்கும்: பின்னல் முடியைப் பற்றிய விதியா, நடைபாதையில் யாரை நிறுத்திக் கேள்வி கேட்பது என்ற பழக்கமா?

நமக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. பெப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக ஏற்கும் தீர்மானத்தை 1995 டிசம்பரில் கனடா நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து ஏகமனதாக நிறைவேற்றியவர் ஜீன் ஒகஸ்டின். கிரெனடாவிலிருந்து வீட்டுப் பணிப்பெண் திட்டத்தில் வந்து, படித்து, ரொறன்ரோவின் கத்தோலிக்கப் பாடசாலைகளில் ஆசிரியராகி அதிபராக உயர்ந்தவர். விசுவாசமே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. நாடு கற்க வேண்டும் என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, ஒன்ராறியோவின் இனவெறி எதிர்ப்புச் சட்டத்தின்படி மாணவர் பற்றிய இனவாரித் தரவை ஒவ்வொரு பாடசாலைச் சபையும் 2023க்குள் திரட்டத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே எதிரணியில் இருக்கும் ஆசிரியர் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை உங்கள் அதிபரிடம் போய், சென்ற ஆண்டு நம் பாடசாலையில் இடைநிறுத்தப்பட்டவர்கள் யார் யார், எந்தக் காரணத்துக்கு என்று கேளுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து, அன்பு மட்டும் போதும் என்று இதே மேடையில் சொல்லுங்கள்; நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.