தடங்கலுக்கு வருந்த ஓர் ஆள் வேண்டும்

(கடலோர ஊர் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, கூடத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, வலை உலர்த்தும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மீனவர் கூட்டுறவு சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அம்மையார் ஏழு மணிக்கு ஒரு வரவேற்புக்குப் போக வேண்டும் என்று சீட்டு வந்திருக்கிறது. அவர் எழுந்து போனால் யாரும் தவறாக நினைக்க வேண்டாம். மைக்செட் தம்பிக்கும் தனியாக ஒரு நன்றி. இன்றைய பொருளுக்கு மைக்கை விட நெருங்கிய உறவு வேறில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பிராந்தியத் தொலைக்காட்சியில் நேரலை அறிவிப்பாளரின் பங்கு. மூன்று செய்திகள் சொல்வேன். அவர் செய்த வேலை என்ன, அவர் பேசிய தமிழ் எப்படிப்பட்டது, அவரை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மேடை ஏறினாலும் நான் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இன்றைக்கும் அதிலிருந்து உங்களுக்கு விடுதலை இல்லை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அன்றைய அறிவிப்பாளரைச் செய்தி வாசிப்பாளரோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். செய்தி வாசிப்பவருக்குத் தன் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. அறிவிப்பாளருக்குச் சொந்தமாக எந்த நிகழ்ச்சியும் கிடையாது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் இருபது விநாடிதான் அவருடைய ராஜ்ஜியம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வரப்போகிறது என்று சொல்லும்போது அவரை ஊரே நேசிக்கும். அடுத்து வயலும் வாழ்வும் என்றால், பாவம், அவரைத்தான் முறைப்பார்கள்.

அந்த இருபது விநாடிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிறிய அறை. ஒரு மேசை, அசையாமல் பூட்டிவைத்த ஒரு கேமரா, முன்னால் ஒரு விளக்கு, பக்கத்தில் ஒன்று, முடிக்குப் பின்னால் ஒன்று. லென்ஸுக்கு அடியிலேயே விநாடி முள் உள்ள கடிகாரம் இருக்க வேண்டும். பக்கச் சுவரில் மாட்டினால் அறிவிப்பாளரின் கண் ஓடுவது வீட்டில் தெரியும். நிதானமான வாசிப்பில் தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல் போகும். ஆகவே இருபது விநாடி என்பது முப்பது, முப்பத்தைந்து சொல். தேர்ந்தவர்கள் ஒரே அறிவிப்பைப் பத்து, இருபது, நாற்பது விநாடி என்று மூன்று அளவில் எழுதி வைத்திருப்பார்கள்.

டேப் காலத்தில் இன்னொரு சிக்கல். பொத்தானை அமுக்கியதும் படம் வராது. வேகம் பிடித்துப் படம் நிலைக்க ஐந்து விநாடியாவது முன்னதாகவே உருட்ட வேண்டும். பழைய பெரிய இயந்திரங்களுக்கு ஏழு, பத்து விநாடிகூட ஆகும். அதனால் அறிவிப்பாளரின் கடைசி வாக்கியம் என்ன என்பது டேப் ஓட்டுபவர் கையில் எழுத்தில் இருக்கும். அந்த வாக்கியத்தின் முதல் சொல் காதில் விழுந்ததும் அவர் டேப்பை விடுவார். ஆக, அறிவிப்பின் தலை மாறலாம், வால் மாறக்கூடாது. உற்சாகத்தில் கடைசியில் ஒரு சொல் கூட்டினால் நிகழ்ச்சியின் முதல் நொடி அவர் முகத்தோடு வெட்டுப்படும். ஒரு சொல் குறைந்தால் திரை கறுப்பாகும். அல்லது டேப்பின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணிக்கைப் பலகை ஊருக்கெல்லாம் தெரியும்.

இரவில் தில்லி ஒளிபரப்புக்கு மாறுவது இன்னும் கண்டிப்பானது. தில்லி நமக்காகக் காத்திராது. உள்ளூர் நாடகம் நாற்பது விநாடி முன்னதாகவே முடிந்துவிட்டால் அந்த நாற்பது விநாடியையும் ஒரு மனிதர் பேசி நிரப்ப வேண்டும். நாளைய நிகழ்ச்சிகள், ஒரு திருத்தம், நேரம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, முள் பன்னிரண்டைத் தொடும்போது வணக்கம் சொல்லி முடிக்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அந்த அறையில் வேலைவிதி!

படம் அறுந்தால்? ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அட்டை மட்டும் நின்றால் வீட்டில் ஒருவர் எழுந்துபோய் ஆன்டெனாவைத் திருப்புவார். கோளாறு நிலையத்தில் என்பதை அவருக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டும். அட்டை வந்து பதினைந்து விநாடிக்குள் குரல் வர வேண்டும். கோளாறு எங்கே, இப்போது என்ன காட்டப்போகிறோம், அதன் பின் என்ன, இந்த மூன்றும் போதும். காரணம் உறுதியாகத் தெரியாவிட்டால் காரணம் சொல்லக்கூடாது. ‘இன்னும் இரண்டு நிமிடத்தில்’ என்று கெடு வைக்கவே கூடாது, ஏனென்றால் மூன்றாவது நிமிடம் நீங்கள் பொய்யர்.

உடை பற்றியும் ஒரு வரி. நெருக்கமான கட்டமும் மெல்லிய கோடும் போட்ட புடவை, சட்டை திரையில் நெளியும். தூய வெள்ளை வெளிறிப் பரவும். ஜரிகை, சட்டையில் குத்திய மைக்கில் உராய்ந்து சரசரக்கும். கண்ணாடி வளையல் மேசையில் பட்டால் வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம்.

இந்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கதை. அங்கே ஐ.டி.வி. என்ற, விளம்பரத்தில் நடக்கும் தனியார் தொலைக்காட்சி 1955 செப்டம்பர் 22இல் தொடங்கியபோதே வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி என்றுதான் வகுத்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அறிவிப்பாளர்கள். தென்மேற்கு மூலையில் பிளிமத் நகரில் 1961இல் வெஸ்ட்வர்டு டெலிவிஷன் வந்தது. சின்ன வட்டாரம், விளம்பரம் குறைவு. லண்டன் விளம்பரம் காட்டும் நேரத்தில் இவர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை. நிமிடங்கள் காலியாகக் கிடக்கும். என்ன செய்தார்கள்? ஒரு முயல் பொம்மையைக் கொண்டுவந்து அறிவிப்பாளர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பெயர் கஸ் ஹனிபன். டார்ட்மூர் மேட்டுவெளியில் ஒரு முட்புதரடியில் கண்டெடுத்ததாக நிலையமே ஒரு பிறப்புக் கதையும் கட்டிவிட்டது!

குழந்தைகளின் பிறந்தநாள் அட்டைகளை அறிவிப்பாளர் வாசிப்பார். இந்தப் பெயர், இந்த ஊர், இன்றைக்கு ஐந்து வயது. முயல் ஐந்து முறை குதிக்கும். குதி வேண்டாம் என்றால் கண் சிமிட்டச் சொல்லலாம், காதை ஆட்டச் சொல்லலாம், தலைகீழாக நிற்கச் சொல்லலாம். துணிச்சலான பிள்ளைகள் மந்திரப் பொத்தானைக் கேட்பார்கள். ஸ்டுடியோ விளக்கே அணைந்துவிடும். கையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவும் நிமிர்ந்து எண்ணுவார், நாலா குதித்தது, ஐந்தா என்று. ஒன்று குறைந்தால் அந்த வீட்டில் அன்று இரவு யார் தூங்குவது? ஜூடி ஸ்பையர்ஸ், ஃபெர்ன் பிரிட்டன் என்று பின்னாளில் நாடறிந்த முகங்கள் அந்த முயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை வாசித்தவர்கள்தாம். கம்பெனி கைமாறி டி.எஸ்.டபிள்யூ. ஆனது, முயல் மாறவில்லை. 1992 டிசம்பர் 31இல் அந்தக் கம்பெனியும் ஒளிபரப்பை முடித்துக்கொண்டபோது, முயலை டார்ட்மூருக்கே திருப்பி அனுப்புவதாகக் காட்டி வழியனுப்பினார்கள். விற்காத விளம்பர நேரத்திலிருந்து பிறந்த பிள்ளை முப்பது வருடம் பிழைத்தது. வாய் பக்கத்து நாற்காலிக்காரருடையது, அவ்வளவுதான்.

இரண்டாவது செய்தி, தமிழ். ழகர ளகரம், மூச்சு நிறுத்தம், ஊர்ப்பெயரை அந்த ஊர்க்காரர் சொல்வதுபோலச் சொல்வது என்று தொடங்கினால் இரவாகிவிடும். முன்வரிசையில் இருப்பவர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மூன்றாவதுக்கு வருகிறேன். ஐ.டி.வி. 2002 அக்டோபர் 28இல் இங்கிலாந்து, வேல்ஸ் வட்டாரங்களுக்கெல்லாம் ஒரே பொது அறிவிப்பு என்று மாற்றியது. இங்கே நிகழ்ச்சிகளைக் கணினி வரிசைப்படி தானே ஓட்டுகிறது. செலவு குறைகிறது, விநாடி பிசகுவதில்லை, நியாயம்தான். ஆனால் கணினி, வரிசையில் எழுதாததை ஓட்டாது. நான் கவலைப்படுவது ஓர் இரவைப் பற்றி. 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்தது நள்ளிரவுக்குப் பின், வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில். அந்த மாதிரி இரவில் பதிவுசெய்த பாட்டு ஓட, அடியில் பொடி எழுத்து ஓடினால், எழுத்துக்கூட்ட முடியாத பாட்டிக்கு என்ன பயன்?

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஒன்று முதல் பதினொன்று வரை. எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பதினொன்று, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. இந்த ஊர்க் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும், உள்மாவட்டத்திலிருந்து திருமணமாகி வந்த பெண்ணுக்குத் தெரியுமா? அதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும். புயலின் கண் மேலே வரும்போது காற்று திடீரென ஓயும். முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் ஓடு பொறுக்க வெளியே வருவார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். ‘இப்போது வெளியே வராதீர்கள்’ என்று அந்த நேரத்தில் சொல்லும் வாய் வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழகக் கரைக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்த ஒவ்வோர் இரவும், டிடி தமிழ் அறிவிப்பறையில் ஓர் ஆள் உட்கார வேண்டும். தேவை இரண்டு அறிவிப்பாளர்கள், ஒரு பணி அலுவலர், ஒரு பொறியாளர். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலி மாறலாம். அதற்கு மேல் குரல் தளரும், தவறு வரும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொண்ணூறு விநாடி. எந்த மாவட்டம், எத்தனை மணி, என்ன செய்வது, முகாம் எங்கே, அடுத்த அறிவிப்பு எப்போது, இந்த வரிசையில். மணியை இரண்டு முறை சொல்ல வேண்டும். ‘கடக்கக்கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது’ மாதிரி வாலை வெட்டிவிட்டு ‘கடக்கலாம்’ என்று சொல்ல வேண்டும்.

கரண்டை நிறுத்திவிட்டால் டி.வி. ஏது என்று செயலாளர் அண்ணன் என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் கரண்டு போவதற்கு முந்தைய ஆறு மணி நேரம் முக்கியம் என்கிறோம். அதே குரல் அதே நேரத்தில் வானொலியிலும் போக வேண்டும். இரண்டும் 1997 முதல் பிரசார் பாரதி என்ற ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. ஒரு கம்பி இழுப்பது பெரிய காரியமில்லை. பேட்டரி ரேடியோவும் கைபேசியும் வைத்திருப்பவர்களுக்கு அது போய்ச் சேரும். வாயுள்ள பிள்ளைக்கு இரண்டு ஒலிபெருக்கி இருப்பதில் தப்பில்லை.

மனு வாசலுக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், அஞ்சல் குறியீட்டு எண் மூன்றையும் எழுதுங்கள். எண் இல்லாத தாளை எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒதுக்கிவிடுவார்கள். நீல மையில் எழுதுங்கள், நகலெடுத்தாலும் அசல் எது என்று தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை அட்டை வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே தேநீரும் இருக்கிறது. வணக்கம்.