மிசிசிப்பியைத் தாண்டிவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள்: இட்டாஸ்கா ஏரிக்கரையில் ஓர் இரவு

[காட்சி: முழங்கால் அளவுத் தண்ணீர், நடுவே உருண்டைப் பாறைகள். ஒரு சிறுமி செருப்பைக் கையில் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து நடக்கிறாள்.]

இவளுக்கு வயது எட்டு. நீச்சல் தெரியாது. இப்போது மிசிசிப்பி ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்க வரைபடத்தில் மேலிருந்து கீழ்வரை கோடு கிழித்த மாதிரி ஓடுமே, அதே மிசிசிப்பிதான். மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, இட்டாஸ்கா ஏரியிலிருந்து அது வெளியே வரும் இடம் இது. பத்துப் பதினைந்து கற்களில் கால் வைத்தால் அக்கரை. கல் வேண்டாம் என்றால் தண்ணீரிலேயே இறங்கி நடக்கலாம். அடியில் மணலும் கூழாங்கல்லும். ஜூலையில்கூட முதல் அடியில் ‘ஸ்ஸ்’ என்று சொல்ல வைக்கும் குளிர்.

[காட்சி: கரையில் நிற்கும் உயரமான மரக்கம்பம். செதுக்கிய எழுத்துகள்.]

பக்கத்தில் ஒரு மரக்கம்பம் நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1475 அடி உயரத்தில் இங்கே கிளம்பும் ஆறு, வளைந்து வளைந்து 2552 மைல் போய் மெக்சிகோ வளைகுடாவைச் சேர்கிறது என்கிறது அந்த எழுத்து. நம் கணக்கில் 4100 கிலோமீட்டருக்கு மேல். ஆற்றின் நீளத்தை வேறு விதமாக அளந்து 2340 மைல் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த இடத்தில் நின்றுகொண்டு அந்தச் சண்டை வேண்டாம். இங்கே விழும் ஒரு சொட்டு கடலைச் சேர ஏறத்தாழ 90 நாள் ஆகும் என்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. தெற்கே கடலுக்குப் போகவேண்டிய இந்த ஆறு முதலில் வடக்கே ஓடுகிறது! பெமிட்ஜி என்ற ஊர்ப் பக்கம் போய், கிழக்கே சுற்றி, அப்புறம்தான் தெற்கே திரும்புகிறது.

சரி. பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? காரை நிறுத்துவார்கள், நடந்து வருவார்கள், கல்மேல் நின்று படம் எடுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். மினியாபொலிஸிலிருந்து கிட்டத்தட்ட நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்துவிட்டு ஒரு மணி நேரம்! முதல் தடவை நாங்களும் அதைத்தான் செய்தோம். இரண்டாம் தடவை கூடாரம் போட்டுத் தங்கினோம். இந்த வீடியோ அந்த இரண்டாவது தடவையைப் பற்றியது.

[காட்சி: கற்களின் அருகாமைப் படம். பாசி, தண்ணீர்.]

முதலில் ஒரு சின்ன உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நீங்கள் தாண்டும் இந்தக் கற்கள் இயற்கை வைத்தவை அல்ல. 1930களில் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு ஒரு படையே அமைத்தது. ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’ என்று பெயர். இங்கே அப்போது சேறும் சதுப்புமாகத்தான் இருந்தது. அந்தப் பையன்கள் சதுப்பை வடித்து, வாய்க்காலைத் திருத்தி, கற்களை அடுக்கி, பார்க்க வருகிறவர்களுக்கு ‘இதுதான் ஆற்றின் பிறப்பிடம்’ என்று தோன்றும்படி செய்துவிட்டுப் போனார்கள். எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. நன்றாகவே அடுக்கியிருக்கிறார்கள்.

பெயரும் அப்படித்தான், கையால் செய்தது. இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் இந்த ஏரிக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். எல்க் என்ற பெரிய மானின் பெயரில் அமைந்த பெயர். 1832இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் ஆற்றின் மூலத்தைத் தேடி வந்தார். வழி காட்டிக் கூட்டி வந்தவர் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே தலைவர். ‘கண்டுபிடித்தவர்’ என்று ஸ்கூல்கிராஃப்டைச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்த பாதிரியாரிடம் ‘உண்மையான தலை’ என்பதற்கு லத்தீனில் என்ன சொல் என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னது ‘வெரிட்டாஸ் காபுட்’. முன்னால் ‘வெர்’, பின்னால் ‘புட்’ இரண்டையும் வெட்டுங்கள். மிச்சம் ‘இட்டாஸ்கா’. கேட்கப் பழங்குடிச் சொல் போலவே இருக்கிறது, இல்லையா?

[காட்சி: வானளாவிய பைன் மரங்கள். கேமரா அடியிலிருந்து மேலே போகிறது.]

இந்த மரங்கள் நிற்பதற்கு ஒரே ஒரு ஓட்டு காரணம். மரம் வெட்டும் கம்பெனிகள் மினசோட்டாவின் பைன் காடுகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம். ஜேக்கப் பிரவர் என்ற நில அளவையாளர் இதையாவது விட்டுவையுங்கள் என்று போராட, 1891 ஏப்ரல் 20 அன்று மாநிலச் சட்டமன்றம் இதைப் பூங்காவாக்கியது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில். மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா இதுதான்.

சட்டம் வந்ததும் கோடரி நின்றுவிட்டதா என்றால், இல்லை. 1903இல் பூங்காவின் பொறுப்பாளர் இறந்துபோக, அந்த இடத்துக்கு அவருடைய மகள் மேரி கிப்ஸ் வந்தார். வயது 24. வெட்டிய மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோக ஆற்றில் அணை கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஏறி ஏரிக்கரை மூழ்கிக்கொண்டிருந்தது. மதகைத் திறங்கள் என்று இந்தப் பெண் நேரில் போய் நின்றார். மதகில் கை வைத்தால் சுடுவேன் என்று ஒருவன் துப்பாக்கியைத் தூக்கியதாகவும், அப்படியும் அவர் கையை வைத்ததாகவும் கதை சொல்வார்கள். அந்த வேலையில் அவர் இருந்தது சில மாதங்கள்தான். ஆற்றின் பிறப்பிடத்துக்குப் போகும் வழியில் உள்ள பார்வையாளர் மையத்துக்கு இன்று அவர் பெயர். கழிப்பறையைத் தேடி உள்ளே போகிறவர்கள் சுவரையும் கொஞ்சம் படியுங்கள்.

[காட்சி: கூடாரம் விரிக்கும் கைகள்.]

இப்போது தங்கும் விஷயம். பூங்கா மிகப் பெரியது, 32,000 ஏக்கருக்கு மேல். உள்ளே நூற்றுக்கும் அதிகமான ஏரிகள். கூடாரம் போட இரண்டு முக்கிய இடங்கள்: பைன் ரிட்ஜ், பேர் பா. பைன் ரிட்ஜ் பெரியது. பேர் பா இருப்பது இட்டாஸ்கா ஏரிக்கரையை ஒட்டி. ராத்திரி தண்ணீர்ச் சத்தம் கேட்கவேண்டும் என்றால் என் ஓட்டு பேர் பாவுக்கு. 120 நாள் முன்னதாக முன்பதிவு திறக்கும். கோடை வாரக்கடைசி வேண்டுமானால் நாள்காட்டியில் எண்ணி, அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். இடத்துக்கான வாடகை தனி, வண்டிக்கான அனுமதிச் சீட்டு தனி. இரண்டும் ஒன்றென்று நினைத்து வாசலில் வந்து முழிப்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

கூடாரத்தை எங்கே போடுவது? சமதளமாக, மெத்தென்று, லேசாகக் குழிந்த இடம் ஒன்று கண்ணில் படும். நாங்கள் போட்டது அங்கேதான். நள்ளிரவில் மழை. குழி எதற்கு இருக்கிறது? தண்ணீர் தேங்கத்தான். இரண்டு மணிக்கு என் ஸ்லீப்பிங் பேகின் கால்பக்கம் கனமாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் சொதசொத. மீதி இரவு காரில் போயிற்று. இன்னொரு தப்பும் செய்திருந்தோம். கூடாரத்துக்கு அடியில் விரித்த தார்ப்பாய் நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து வழிந்த மழையை அது ஏந்தி நேரே எங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. தார்ப்பாயின் ஓரம் வெளியே தெரியாமல் கூடாரத்துக்கு அடியிலேயே மடித்துவிடுங்கள். அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு ராத்திரித் தூக்கம்.

ஜூலை என்று நம்பி மெல்லிய போர்வையோடு வராதீர்கள். பகலில் வியர்க்கும் இடம் விடியற்காலையில் ஸ்வெட்டர் கேட்கும்.

[காட்சி: விறகுக் கட்டு. ஒட்டிய சீட்டின் அருகாமைப் படம்.]

விறகு. இதில் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. வீட்டுக் கொல்லையில் கிடக்கும் கட்டையைக் காரில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. காட்டில் விழுந்துகிடப்பதைப் பொறுக்கவும் கூடாது. அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் கட்டாக வாங்கவேண்டும். கெடுபிடியாகத் தோன்றும், ஆனால் காரணம் சரியானது. எமரால்டு ஆஷ் போரர் என்று ஒரு பச்சை வண்டு, ஆசியாவிலிருந்து வந்தது. அரிசி நீளம்தான் இருக்கும். அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். வேருக்கும் இலைக்கும் இடையே போக்குவரத்து அறுந்து மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். 2009இல் இந்த மாநிலத்தில் முதலில் செயின்ட் பால் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். தானாகப் பறந்தால் வண்டு அதிக தூரம் போகாது. விறகுக்கட்டைக்குள் இருந்தால் ஒரே நாளில் நாலு மணி நேரத் தூரம் வந்துவிடும், நம் காரிலேயே.

சாப்பாடு எது வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள். எங்களுக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும் இருந்தால் போதும். ஆனால் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். இங்கே கருங்கரடி உண்டு. எங்களைத் தேடி வந்தது கரடி இல்லை, சிப்மங்க். நம் ஊர் அணிலுக்குச் சொந்தக்காரர், முதுகில் கோடுகூட உண்டு. மூடிய பையில் விரற்கடை அளவு ஓட்டை போட்டு, முறுக்கை ஒவ்வொரு சுற்றாக உடைத்து எடுத்துப் போயிருந்தது. ராத்திரி எல்லாம் காருக்குள். பற்பசைகூட.

[காட்சி: புல் நுனியில் உண்ணி. கூர்மையான இடுக்கி.]

கொசுவைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, ஜூனில் அதுவே வந்து சொல்லும். பார்க்கவேண்டியது உண்ணியை. கருங்கால் உண்ணி லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்றைப் பரப்பும். குட்டிப் பருவத்தில் கசகசா அளவுதான். உயரமான புல்லில் நடந்துவிட்டு வந்தால் முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று எல்லா இடத்திலும் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்கவேண்டும். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். சீக்கிரம் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு. அதனால் பயம் தேவையில்லை, தினமும் ஒரு தேடல் போதும்.

[காட்சி: கனூவின் முனை. தூரத்தில் சின்னத் தீவு.]

பகலில் செய்ய நிறைய இருக்கிறது. ஏரி மூன்று கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவை சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தீவு, அதற்கும் ஸ்கூல்கிராஃப்ட் பெயர்தான். மனிதருக்கு விட்டுக்கொடுக்கவே மனசில்லை போலிருக்கிறது. கனூ என்ற ஒல்லியான துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். காலையிலேயே எடுத்துவிடுங்கள், பிற்பகலில் காற்று ஏறினால் திரும்பி வருவதற்குள் தோள் கழன்றுவிடும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் படகு நகரும்போது லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவேண்டும், இது மாநிலச் சட்டம். பெரியவர்கள் போட்டாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். சைக்கிள் பாதை உண்டு, நூறு அடி உயரத் தீ கண்காணிப்புக் கோபுரம் உண்டு. உச்சியில் ஏறிப் பார்த்தால் நாலு பக்கமும் காடு, நடுநடுவே கண்ணாடித் துண்டு மாதிரி ஏரிகள்.

[காட்சி: இருட்டு. நெருப்பு கனன்று அடங்குகிறது. ஒலி மட்டும்.]

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது விதி. உண்மையில் அதற்கப்புறம்தான் கச்சேரி ஆரம்பம். கேளுங்கள்.

[ஒலி: லூன் பறவையின் நீண்ட கூவல். ஐந்து வினாடி யாரும் பேசவேண்டாம்.]

முதல் தடவை கேட்டபோது ஏதோ ஓநாய் என்று நினைத்து நான் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினேன். லூன், மினசோட்டாவின் மாநிலப் பறவை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, குங்குமச் சிவப்பில் கண். இந்த நீண்ட கூவல் ‘நான் இங்கே, நீ எங்கே?’ என்று இணையைத் தேடுவது. ஏரியின் அடுத்த முனையிலிருந்து பதில் வரும்வரை நமக்கே பொறுமை இருக்காது. கிலுகிலுவென்று சிரிக்கிற மாதிரி இன்னொரு குரல் உண்டு. அது சிரிப்பில்லை, பயம். பகலில் உங்கள் கனூவைப் பார்த்து அப்படிச் சத்தம் போட்டால், குஞ்சுக்குப் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். துடுப்பைத் திருப்புங்கள்.

[காட்சி: காலை ஆறு மணி. பனிமூட்டம். வெறும் கற்கள்.]

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து அதே கற்களிடம் போனோம். முந்தின நாள் வரிசையில் நின்று படம் எடுத்த இடம். ஒரு ஆள் இல்லை. ஏரியின் மேல் பனி ஒரு முழ உயரத்துக்குப் படுத்திருந்தது. நேற்று கேட்காத ஒன்று கேட்டது: கல்லிடுக்கில் தண்ணீர் வழியும் சத்தம். குழாயைச் சரியாக மூடாமல் விட்டது போல, அவ்வளவு சின்னது. எங்கள் பெண் அக்கரை போய்விட்டுத் திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பதினோரு தடவை என்று எண்ணி வைத்திருக்கிறாள்.

கிளம்பும்போது எங்களிடம் நாலு விறகுக்கட்டை மிச்சம். அதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, வண்டு கதை திரும்பும் வழிக்கும் பொருந்தும். நெருப்பு வளையத்துக்குப் பக்கத்தில், மழை படாமல் மேசைக்கு அடியில் அடுக்கிவைத்துவிட்டு வந்தோம். நாங்கள் வந்த அன்றும் அங்கே மூன்று கட்டை இருந்தது.