நம் ஆளிடம் கேட்கிற கேள்வி

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கட்சி அரசியலில் நேர்மை பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு நண்பர் என்னை வாசலிலேயே மடக்கினார். "ஒரே கேள்விதான் சார். ரெண்டு கட்சியில எது நேர்மையான கட்சி? அதைச் சொல்லிட்டீங்கன்னா நான் காபி குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்" என்றார். அவர் இன்னும் கிளம்பவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக இரண்டு எண்களில் தொடங்குகிறேன்.

முதல் எண் 792. இது 1970ஆம் ஆண்டுக்கு ரிச்சர்ட் நிக்சன் கட்டிய மத்திய வருமான வரி, டாலரில். சில்லறையை விட்டுவிட்டேன். அப்போது அவர் அதிபர். சம்பளமே ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர். இரண்டாவது எண் 750. இது 2017ஆம் ஆண்டுக்கு டொனால்ட் டிரம்ப் கட்டிய மத்திய வருமான வரி. அப்போது அவரும் அதிபர். இரண்டு பேரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். நண்பர் அதற்குள் தலையாட்டுகிறார், விடை கிடைத்துவிட்ட மாதிரி. கொஞ்சம் பொறுங்கள்.

எண்களை விட அவை வெளியே வந்த கதைதான் எனக்கு முக்கியம். நிக்சன், தான் துணை அதிபராக இருந்த காலத்து ஆவணங்களை அரசுக் காப்பகத்துக்குத் தானம் கொடுத்ததாகக் காட்டிப் பெரிய வரிவிலக்கு வாங்கியிருந்தார். அந்த மாதிரி விலக்கு 1969 ஜூலையோடு முடிந்துபோனது. பத்திரம் எழுதியதோ அதற்கு அப்புறம். தேதியை மட்டும் முன்கூட்டிப் போட்டிருந்தார்கள். 1973இல் விஷயம் கசிந்தது. அந்த நவம்பர் 17 அன்று, ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில், பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தில்தான் "நான் மோசடிக்காரன் அல்ல" என்று அவர் சொன்னார். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆள் புகுந்த வாட்டர்கேட் திருட்டுக்காகச் சொன்னது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தன் சொந்தப் பணத்தைப் பற்றிய பேச்சில் வந்த வாசகம் அது. மறுமாதமே வரிக் கணக்குகளை வெளியிட்டார். நாடாளுமன்றக் கூட்டுக் குழு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, வட்டியோடு 4,76,000 டாலருக்கு மேல் பாக்கி என்றது.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வந்தது. கார்ட்டர் முதல் ஒபாமா வரை அதிபர்கள் எல்லோரும் வரிக் கணக்கை வெளியிட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. வெட்கம்தான் அந்த வேலையைச் செய்தது. 2016இல் டிரம்ப், என் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, வெளியிட முடியாது என்றார். தணிக்கையில் இருக்கும் கணக்கை வெளியிடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நிக்சன் வெளியிட்டபோது அவர் கணக்கும் தணிக்கையில்தான் இருந்தது. ஆனால் வழக்கத்தை மீறியவர் மீது யார் வழக்குப் போட முடியும்? நாற்பது ஆண்டு மரபு ஒரே வாக்கியத்தில் முடிந்துபோயிற்று.

அப்படியானால் 750 எப்படித் தெரிந்தது? முதலில் ஒரு பத்திரிகை 2020இல் எழுதியது. அதிகாரபூர்வமாகத் தெரிய வந்தது 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால். வரி விவகாரக் குழுவின் தலைவர் கேட்டால் யாருடைய வரிக் கணக்கையும் கொடுக்க வேண்டும் என்கிற பழைய சட்டம். பிரதிநிதிகள் சபையின் குழு 2019இல் கேட்டது. வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. டிசம்பர் 30 அன்று கணக்குகள் வெளியாயின. ஜனவரி 3 அன்று சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. நான்கு நாள் வித்தியாசம்! பதவியில் இருக்கும் அதிபரின் கணக்கை வரித்துறை ஆண்டுதோறும் தானாகவே தணிக்கை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு டிரம்பின் முதல் ஆண்டுகளில் ஒழுங்காக நடக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த ஏற்பாடும் சட்டத்தில் இல்லை, துறையின் கையேட்டில் இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டு ஜனநாயகக் கட்சி அனுதாபிகள் யாராவது இங்கே கைதட்ட நினைத்தால், கையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஜோ பைடன், குற்ற வழக்குகளில் சிக்கிய தன் மகன் ஹன்டருக்கு அதிபர் என்ற முறையில் மன்னிப்பு வழங்கமாட்டேன் என்று 2024இல் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரம்ப் நீதிமன்றத்தை மதிக்கவில்லை, நான் மதிக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சியாகப் பேசப்பட்டது. தேர்தல் முடிந்தது. டிசம்பர் 1 அன்று மன்னிப்பு வந்தது. அதுவும் 2014 ஜனவரியிலிருந்து ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளுக்கு மொத்தமாக. ஒரு தகப்பனாக எனக்கு அது புரிகிறது. என் மகனாக இருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அப்படிப்பட்ட தகப்பன், மாட்டேன் என்று ஊருக்குச் சொல்லி ஓட்டுக் கேட்டிருக்கக் கூடாது.

சரி, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா? கூடாது. அது சோம்பேறித்தனம். இரண்டும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. எந்தக் கட்சி என்பதைவிட எந்த நாற்காலி என்பது நிறைய விஷயங்களைத் தீர்மானிக்கிறது என்கிறேன்.

நம் நாட்டில் 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் அது 1966இலேயே வந்துவிட்டது. ஜான் மாஸ் என்று கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பத்தாண்டுக்கு மேல் அதற்காக மல்லுக்கட்டினார். தொடங்கியபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர். ஆகவே மாஸின் கட்சிக்காரர்களுக்கு ஒரே உற்சாகம். பிறகு அவர்கள் கட்சியே ஆட்சிக்கு வந்தது, உற்சாகம் வடிந்தது. கடைசியில் ஜூலை 4, சுதந்திர தினத்தன்று, லிண்டன் ஜான்சன் டெக்சாஸில் தன் பண்ணையில் விழா எதுவும் இல்லாமல் அரைமனதாகக் கையெழுத்துப் போட்டார். இந்த மசோதாவைச் சபையில் முன்னின்று ஆதரித்த இளம் குடியரசுக் கட்சி உறுப்பினர் யார் தெரியுமா? டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட். பின்னாளில் இராக் போரை நடத்திய அதே பாதுகாப்பு அமைச்சர்தான்.

எட்டு ஆண்டு கழித்து வாட்டர்கேட்டின் சூட்டில் அந்தச் சட்டத்துக்கு இன்னும் பல் வைக்க வேண்டும் என்று திருத்தம் வந்தது. இப்போது நிக்சனுக்கு அடுத்து அதிபரான ஜெரால்ட் ஃபோர்டின் தலைமை அலுவலர் ரம்ஸ்ஃபெல்ட். அவருக்குத் துணை, டிக் செனி. இரண்டு பேருக்கும் திருத்தம் பிடிக்கவில்லை. ஒளிவுமறைவு இல்லாத ஆட்சி தருவேன் என்று ஆகஸ்டில் பதவியேற்ற ஃபோர்ட், அக்டோபரில் அதைத் தன் தடை அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார். நவம்பரில் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அந்தத் தடையைத் தூக்கியெறிந்தன. எதிரே உட்கார்ந்தால் ஜன்னலைத் திற என்கிறோம், உள்ளே போனதும் திரை வாங்கக் கடைக்குப் போகிறோம். ஆனால் எதிரே இருந்த கோபத்தில் எழுதி வைத்த சட்டம் மட்டும், எழுதியவரே மனம் மாறிய பிறகும் அப்படியே நிற்கிறது பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் வழக்கில், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் தனியாகச் செலவு செய்வதற்குத் தடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. எல்லோரும் திட்டுகிற பகுதி அது. அதே தீர்ப்பில் எட்டு நீதிபதிகள் சேர்ந்து சொன்ன இன்னொரு பகுதி இருக்கிறது: செலவு செய்பவர் யார் என்பதை வெளியிடச் சொல்லலாம். அதை நிறைவேற்றும் சட்டம்தான் வரவில்லை. சமூக நல அமைப்பு என்று பதிவு செய்துகொண்டால் கொடையாளர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அமைப்பு பெரிய பிரசாரக் குழுவுக்குப் பணம் அனுப்பும். குழு தன் கணக்கில் அமைப்பின் பெயரை நேர்மையாக எழுதும். பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். இதற்கு அங்கே இருட்டுப் பணம் என்று பெயர். நம் கறுப்புப் பணம் வேறு. இது வரி ஏய்த்த பணமாக இருக்க வேண்டியதில்லை, முகம் மறைத்த பணம்.

அந்த ஓட்டையை அடைக்க 2010இல் வந்த மசோதா செனட்டில் 59 வாக்கு வாங்கியது. விவாதத்துக்கு எடுக்கவே தேவை 60. குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அது அவர்கள் கணக்கில் எழுத வேண்டியது. தீர்ப்பை நாடாளுமன்றத்தில் நீதிபதிகள் முகத்துக்கு நேரே கண்டித்த ஒபாமா, 2012இல் தன் சார்பில் அப்படி ஒரு பிரசாரக் குழு பணம் திரட்டுவதற்கு ஆசி கொடுத்தார். 2020 தேர்தலில் இருட்டுப் பணம் டிரம்பைவிட பைடனுக்கே அதிகம் உதவியது. இது இவர்கள் கணக்கு. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு தேர்தல் ஆணையம் இருக்கிறது. ஆறு பேர், ஒரு கட்சிக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது, எதைச் செய்யவும் நான்கு வாக்கு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று நின்றால் கோப்பு மூடியே கிடக்கும். 2019 செப்டம்பரிலிருந்து 2020 கடைசி வரை பெரும்பாலான நாட்கள் அந்த நான்கு பேர்கூட ஆணையத்தில் இல்லை, தேர்தல் ஆண்டில்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கேள்வியை நான் மாற்றிக் கேட்கிறேன்: தன் கட்சித் தலைவரை முகத்துக்கு நேரே இடித்துரைத்தவர் என்ன ஆனார்?

1974 ஆகஸ்ட் 7. வாட்டர்கேட் விவகாரம் முற்றியிருந்தது. பேரி கோல்ட்வாட்டர், ஹ்யூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் என்று குடியரசுக் கட்சியின் மூன்று பெரிய தலைகள் நிக்சனைப் போய்ப் பார்த்து, நம் ஆட்களிடமே உங்களுக்கு ஆதரவு இல்லை என்று சொன்னார்கள். மறுநாள் இரவு நிக்சன் ராஜினாமாவை அறிவித்தார். கோல்ட்வாட்டர் அதற்கப்புறமும் செனட்டராக ஜெயித்து வந்தார்.

2021 ஜனவரியில் டிரம்பைப் பதவி நீக்கத் தீர்மானத்தில் குற்றம்சாட்டி வாக்களித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் பத்துப் பேர். அடுத்த தேர்தலில் நான்கு பேர் நிற்கவே இல்லை. நான்கு பேர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள். மீண்டு வந்தவர்கள் இரண்டே பேர். தோற்றவர்களில் ஒருவர் லிஸ் செனி. ஆமாம், திரை வாங்கப் போன டிக் செனியின் மகள்தான். அவருடைய மாநிலமான வயோமிங் அவரை 66க்கு 29 என்ற சதவீதத்தில் வீட்டுக்கு அனுப்பியது. சீட்டைத் தலைமை கொடுக்கிற நம் ஊர்க் கதை இல்லை இது. அங்கே கட்சியின் வாக்காளர்களே முதல் சுற்றில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சுற்றுக்கு வருபவர்கள் குறைவு, வருபவர்கள் தீவிரமானவர்கள். ஆகவே ஓர் உறுப்பினர் எதிரிக்குப் பயப்படுவதில்லை, தன் வீட்டுக்காரர்களுக்குத்தான் பயப்படுகிறார்.

மறுபக்கம் டீன் ஃபிலிப்ஸ். மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி. பைடனுக்கு வயதாகிவிட்டது, வேறொருவர் நிற்கட்டும் என்று 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். யாரும் முன்வராததால் தானே நின்றார். கட்சி அவரைத் துரோகி மாதிரி பார்த்தது. அவருடைய சொந்த மாநிலத்திலேயே, "யாருக்கும் இல்லை" என்று போட்டவர்கள் அவருக்குப் போட்டவர்களைவிட அதிகம். 2024 ஜூன் 27 அன்று பைடன் விவாத மேடையில் தடுமாறியதை உலகமே பார்த்தது. 24 நாளில் போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஃபிலிப்ஸை யாராவது கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

செனியும் ஃபிலிப்ஸும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவர்கள் அல்ல. ஒருவர் பேசியது தேர்தல் முடிவையே ஏற்காத ஒரு தலைவரைப் பற்றி, மற்றவர் பேசியது ஒரு முதியவரின் வயதைப் பற்றி. ஆனால் அவர்களைத் தண்டித்த கை ஒரே கைதான்.

கடைசியாக ஜார்ஜ் சான்டோஸ். படித்த கல்லூரி, பார்த்த வேலை என்று பாதி வாழ்க்கையைப் புனைந்து 2022இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலிருந்து குடியரசுக் கட்சி சார்பில் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தவர். 2023 டிசம்பர் 1 அன்று சபை 311க்கு 114 என்று அவரை வெளியேற்றியது. குடியரசுக் கட்சிக்கு அப்போது சபையில் நூலிழைப் பெரும்பான்மை. ஒவ்வொரு தலையும் தங்கம். அப்படியும் 105 பேர் தங்கள் ஆளுக்கு எதிராக வாக்களித்தார்கள். அதே கட்சியில் 112 பேர் அவருக்காக நின்றார்கள்.

இந்த வெளியேற்றத்துக்கு ஓராண்டு முன்னால் நடந்த சின்ன விஷயம்தான் எனக்குப் பிடித்தது. வேட்பாளர்கள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தால் சான்டோஸும் படிவம் கொடுத்தார், மிகத் தாமதமாக. இரண்டு ஆண்டில் ஒன்றுமில்லாதவர் கோடீஸ்வரர் ஆகியிருந்தார். அந்தப் படிவம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது. எதிர்க்கட்சி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளவில்லை. 'நார்த் ஷோர் லீடர்' என்று அந்தப் பகுதியின் சின்ன வார இதழ் ஒன்று எடுத்துப் படித்தது, செப்டம்பரில் கேள்வி கேட்டு எழுதியது. வழக்கமாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் இதழ் அது. அக்டோபரில் அதன் தலையங்கம், நாங்கள் குடியரசுக் கட்சி வேட்பாளரைத்தான் ஆதரிக்க விரும்புகிறோம், ஆனால் இந்த ஆளை முடியாது என்று சொல்லி, எதிர்க்கட்சிக்காரருக்கு வாக்களிக்கச் சொன்னது.

நவம்பர் 8 அன்று தேர்தல். சான்டோஸ் வசதியாகவே ஜெயித்தார். அந்த வாரமும் இதழ் வந்தது.