சின்ன ஓட்டையா, பெரிய வெட்டா?

நேயர்களுக்கு வணக்கம். பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், இங்கே வன்னியில் என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "டொக்டர், சின்ன ஓட்டை போட்டுச் செய்வீங்களோ, வயித்தை வெட்டுவீங்களோ?"

சரி, அந்தச் சின்ன ஓட்டையைப் பார்ப்போம். லப்பரஸ்கோபி என்பார்கள். தொப்புளடியில் துளையிட்டு, காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் போல உயர்த்துவோம். கமரா ஒரு துளையால் போகும், நீண்ட கருவிகள் மற்றத் துளைகளால் போகும். ஆனால் அறுத்த குடலை வெளியே எடுக்க எப்படியும் ஒரு வெட்டு வேண்டும். அது சிறிய வெட்டு, அவ்வளவுதான்.

உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே. கட்டி உள்ள குடல் துண்டு, அதன் இரத்தக் குழாய், கூடவே நிணநீர்க் கணுக்கள், அதாவது புற்று பரவக்கூடிய சிறு முடிச்சுகள், எல்லாவற்றையும் எடுப்போம். குறைந்தது 12 கணுக்களாவது ஆய்வுகூடத்தில் பார்க்கப்பட வேண்டும். வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது விளங்கும். எந்தப் பக்கம் நின்று பிடுங்கினாலும் கிழங்கு வரவேண்டும்.

1990களில் இந்த முறை வந்தபோது, துளையிட்ட இடத்திலேயே புற்று முளைக்கும் என்று பயந்தார்கள். 2004இல் அமெரிக்காவில் 872 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது லப்பரஸ்கோபியில் 16 சதவீதம், திறந்த முறையில் 18. ஏறக்குறைய சமம். வலி குறைவு, வீடு திரும்புவதும் ஒரு நாள் முந்தி.

அதே ஆய்வில் லப்பரஸ்கோபியில் தொடங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இடையில் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது. இதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இரணைமடுப் பக்கத்து ஐயா ஒருவர். 2009 போரில் எறிகணை பட்டு, வயிற்றில் நெஞ்சடியிலிருந்து கீழ்வரை தழும்பு. கமராவை விட்டுப் பார்த்தால் குடல் முழுக்க வயிற்றுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. அரை மணித்தியாலம் முயன்றேன், பிறகு திறந்தேன். கண்விழித்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, பிழைச்சுப் போச்சோ?" என்று கேட்டார். "ஒண்டும் பிழைக்கேல்லை ஐயா, கட்டி முழுக்க வந்திட்டுது" என்றேன். அவர் நம்ப இரண்டு நாள் எடுத்தது. திரும்பவும் சொல்கிறேன், இடையில் திறப்பது தோல்வி இல்லை. பிடிவாதமாகத் திறக்காமல் விட்டுக் குடலைக் கிழிப்பதுதான் ஆபத்து.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ரோபோ சத்திரசிகிச்சை பற்றிச் சுருக்கமாக: அது தானாக வெட்டாது, வைத்தியர்தான் இருந்து இயக்குவார். 2017இல் 471 மலக்குடல் நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இடையில் திறக்க வேண்டிவருவதை அது லப்பரஸ்கோபியைவிடத் தெளிவாகக் குறைத்ததாக நிறுவ முடியவில்லை. ஆகவே ரோபோ இங்கே இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். கிளினிக்குக்கு வரும்போது பழைய ஒபரேஷன்களைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியும் வைத்தியசாலைத் துண்டும் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பரவாயில்லை, தழும்பைக் காட்டினால் போதும்.